பட்டாணி யாரிடம் குடித்தாள்?

கண்ணாடிப் பெட்டியிலிருந்து விடுதலையாகி வீடு வந்து சேர்ந்த பட்டாணியைப் போன வாரம் தொட்டிலில் தூங்கவைத்துவிட்டு வந்தோம். இன்றைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை நாள். அம்மாக்காரி காலையிலிருந்தே தலைகால் புரியாமல் இருக்கிறாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்கள் முழிக்க வேண்டாம். பட்டாணி என்பது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸுகள் வைத்த பெயர். மாதம் நிறையும் முன்பே அவசரப்பட்டுப் பிறந்து, மூக்கில் குழாயும் காலில் ஒயருமாகக் கிடந்து, மெல்லத் தேறி வந்தவள். அவளைப் பெற்றவள் துணித் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். விரற்கடை அளவு தப்பினாலும் அடுக்கி வைத்த துணி மொத்தமும் பாழாகிவிடும் என்கிற வேலை. வீட்டிலும் அவளுக்கு மாஸ்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

புருஷன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக்கொடுத்தவன். பொறுமைசாலி. யார் மனசும் நோகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவன். அதுதான் வினை.

மூன்றாவது ஆள் மாஸ்டரின் அக்கா. அத்தானுக்குக் கப்பலில் வேலை. ஒன்றரை வயதுப் பையன் குண்டனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தங்கைக்கு ஒத்தாசையாக வந்து இருக்கிறாள். சமையல், துணி, பாத்திரம் எல்லாம் அவள் தலையில்தான். பட்டாணிக்கு ஏப்பம் வாங்கித் தூங்கவைப்பதும் அவள்தான்.

"நீ கொடுத்து முடிச்சதும் எங்கிட்ட கொடுத்துட்டு படு. உடம்பு தேறணும்ல," என்று குழந்தையை வாங்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவாள். இப்படி ஓர் அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று மாஸ்டர் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய ஏற்பாடு இதுதான். பால் கொடுப்பதற்கு முன் குழந்தையை ஒரு தடவை எடை போட வேண்டும். கொடுத்து முடித்ததும், அதே உடுப்போடு, டயப்பரைக்கூட மாற்றாமல் இன்னொரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவள் வயிற்றுக்குள் போன பால். முப்பது கிராமைத் தொட்டுவிட்டால் கவலையில்லை. தொடாவிட்டால், பம்ப் வைத்து எடுத்த பாலைக் கப்பில் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

எடை மெஷின் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. மாஸ்டர் பால் கொடுக்கும் நாற்காலி ஜன்னலைப் பார்த்து, மேஜைக்கு முதுகைக் காட்டியபடி இருந்தது. எண்ணைப் படித்துச் சொல்வது வாத்தியார் வேலை.

"முப்பத்திரண்டு," என்பான். "அடேங்கப்பா, இன்னிக்கு முப்பத்தஞ்சு," என்பான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மாஸ்டர் உயிர் வாழ்ந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. தன் குழந்தையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தவள் அவள். தூக்க முடியாது, கொஞ்ச முடியாது. இதையாவது தன்னால் செய்ய முடிகிறதே என்று உடம்பு பூரித்துப்போனாள். எண் நன்றாக வரவும், போனில் ஆஸ்பத்திரியைக் கேட்டுக்கொண்டு பம்ப் வைப்பதைக் குறைத்தாள். பிறகு நிறுத்தியேவிட்டாள். பம்ப்பைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் போட்டு அலமாரி மேலே ஏற்றியதும் அவள் கைதான்.

"நீயும் வாயேன் அக்கா. இவ எடை ஏறினதைப் பார்த்தா சிஸ்டர் அசந்துடுவாங்க," என்றாள் கிளம்பும்போது.

"குண்டனை யாரு பார்ப்பா? நீங்க போயிட்டு வாங்க," என்றாள் அக்கா, முகத்தைப் பாராமல் துணி மடித்தபடி.

"நான் வேணா வண்டியிலேயே இருக்கட்டுமா? அங்க நிறுத்த இடமே கிடைக்காது," என்றான் வாத்தியார்.

"எல்லாருக்கும் வண்டி நிறுத்தக் கத்துக்கொடுக்குற ஆளு பேசுற பேச்சா இது? மரியாதையா உள்ள வாங்க."

வாத்தியார் மரியாதையாக உள்ளே போனான்.

பால் கொடுக்கும் அம்மாக்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே அங்கே ஒரு சிஸ்டர் இருந்தார். வார்டு முழுக்க அவருக்குப் பால் சிஸ்டர் என்று பெயர். பட்டாணியைத் துணி அவிழ்த்துத் தட்டில் கிடத்தி எடை பார்த்தார். புருவத்தை உயர்த்தினார்.

"நல்லா ஏறியிருக்காளே. பரவாயில்லம்மா. ஜோரா வளர்த்திருக்க."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தான்.

"பசிக்கிற நேரம்தானே? இங்கேயே ஒரு தடவை கொடு. எப்படிப் பிடிக்கிறான்னு பார்த்துடறேன்," என்றார் சிஸ்டர்.

உடுப்பு போட்டார்கள், எடை போட்டார்கள். மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து குழந்தையை மார்போடு அணைத்தாள். பட்டாணி காம்பை நுனியில் பிடித்து, நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். பாதத்தைத் தேய்த்தால் மறுபடி இரண்டு இழுப்பு. மறுபடி தூக்கம். சிஸ்டர் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் எடுத்துக்கொள்ளும் அதே நேரத்தை எடுத்துக்கொண்டு, பட்டாணி வாயை விட்டாள்.

இந்த முறை மாஸ்டர் மெஷினுக்கு நேர் எதிரே நின்றாள்.

ஆறு.

"மெஷின்ல ஏதோ கோளாறு சிஸ்டர்," என்றாள்.

சிஸ்டர் அடுத்த அறையிலிருந்து வேறு மெஷினைக் கொண்டுவந்தார். அதுவும் அதையேதான் சொன்னது.

"நாள் ஆகுறதுக்கு முன்னால பிறந்ததுங்க இப்படித்தாம்மா. சீக்கிரம் களைச்சுப் போயிடும். வாய் அசையும், ஆனா முழுங்குற சத்தம் வராது. இது உன் குத்தமில்ல," என்றார் சிஸ்டர். "வீட்டுல எவ்வளவு காட்டுது?"

"முதல் நாளைத் தவிர முப்பதுக்குக் கீழ வந்ததே இல்ல. இவரைக் கேளுங்க. இவர்தானே படிச்சுச் சொல்லுவாரு."

சிஸ்டர் வாத்தியாரைப் பார்த்தார். மாஸ்டரும் பார்த்தாள். வாத்தியார் திருதிருவென்று முழித்தான். அந்த முழிக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

"உங்க வீட்டுப் பஞ்சாயத்துக்கு நான் வரல," என்றார் சிஸ்டர், குரலைத் தாழ்த்தி. "ஆனா ஒண்ணு. எங்கிட்ட குடிச்சுக் காட்டினது ஆறு. எடை ஏறினதும் நிஜம். அப்ப வேற எங்கிருந்தோ இவளுக்குப் பால் போகுது. அது என்ன பால், எவ்வளவு போகுதுன்னு தெரியாம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய் விசாரிச்சுட்டு எனக்கு போன் பண்ணு."

"எனக்குப் பாலே இல்லையா சிஸ்டர்?"

"யாரு சொன்னா? எடுக்க எடுக்கத்தான் ஊறும். பம்ப்பை நிறுத்தினதால குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். இன்னிக்கே திரும்ப ஆரம்பி. உடுப்பில்லாம மார்போட போட்டுக்கோ, தோலோட தோல் படணும். மெல்லிசா ஒரு குழாய் தரேன். அதை மார்புல ஒட்டிக்கிட்டா, அவ உங்கிட்ட உறிஞ்சும்போதே கூடுதல் பாலும் வாய்க்குள்ள போகும். அவளுக்கு வயிறு நிறையும், உனக்கும் ஊறும். நேரமாகும். ஆனா நடக்கும்."

நடக்கும் என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் வெளியே வந்தாள்.

வண்டியில் வழக்கமாகப் பின்சீட்டில் குழந்தையின் பக்கத்தில் உட்காருகிறவள், இன்றைக்கு முன்னால் ஏறினாள். டிரைவிங் ஸ்கூல் வண்டி அது. பக்கத்துச் சீட்டுக் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் கண்மண் தெரியாமல் போனால் வாத்தியார் மிதித்து நிறுத்துவதற்கு.

"எத்தனை நாளா?" என்றாள்.

"என்ன எத்தனை நாளா?"

"என் காதுல பூ சுத்துறது."

வாத்தியார் வளைவைப் பார்த்துத் திருப்பினான். "அப்படியெல்லாம் இல்லம்மா. அந்த மெஷின் ஒரு நேரம் ஒரு மாதிரி..."

மாஸ்டர் பிரேக்கை மிதித்தாள். வண்டி முனகிக்கொண்டு ரோட்டோரம் நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனால் திட்டிவிட்டு ஒதுங்கிப் போனான்.

"பூசி மெழுகாதீங்க. நிஜத்துல எவ்வளவு வந்துச்சு?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னான். "முதல் நாள் நாலு. நாலுன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா? நீ சாப்பிடல. யாரோடயும் பேசல. குழந்தையைக் கீழ வச்சுட்டு சுவரைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்த. எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. அடுத்த தடவை அஞ்சு வந்துச்சு. முப்பத்தொண்ணுன்னு சொன்னேன். நீ சிரிச்ச. வீட்டுக்கு வந்தப்புறம் அப்பத்தான் முதல் தடவையா சிரிச்ச. அதுக்கப்புறம் குறைச்சுச் சொல்ல எனக்கு வாய் வரல."

"பிள்ளை பட்டினி கிடக்குமேன்னு தோணலையா?"

"ரெண்டு நாள் நானும் செத்துத்தான் போனேன். ஆனா எடை ஏறிக்கிட்டே இருந்துச்சும்மா. காலையில போடுற எடை தினமும் ஏறுச்சு. சரி, மெஷின்தான் வித்தியாசத்தைத் தப்பாக் காட்டுது, நான் சொல்றதுதான் நிஜம்போலன்னு..." அவனுக்கே அது நொண்டிச் சாக்காகப் பட்டிருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினான்.

மாஸ்டர் நேரே பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் துணி வெட்டுறவ. தப்பான அளவைச் சொல்லி என்னை வெட்ட விட்டுட்டீங்க. நான் பம்ப்பை நிறுத்தினேன் பாருங்க, அது உங்க அளவை நம்பித்தான். இருந்த பாலையும் நானே என் கையால நிறுத்தினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். நீ அவ்வளவு சந்தோஷமா பெட்டியை அலமாரி மேல ஏத்தின. நான்தானே நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டேன்."

அது அவளுக்கு மறந்தே போயிருந்தது. அவள் விழுந்துவிடக் கூடாதென்று அவன் நாற்காலியை எவ்வளவு அக்கறையாகப் பிடித்துக்கொண்டான். அந்த அக்கறையை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க பவுடர் பால் ஏதும் கொடுத்தீங்களா?"

"சத்தியமா இல்ல. அப்படி ஒண்ணு எனக்குத் தெரியவே தெரியாது."

இனி அவன் சத்தியத்தை எந்தக் கடையில் கொண்டுபோய் மாற்றுவது? ஆனால் இதில் அவன் முகம் பொய் சொல்லவில்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

அந்த நினைப்பு வந்ததும் மாஸ்டருக்கு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அக்காதான் பவுடர் பால் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். குழந்தை பசியில் துடிப்பதைப் பார்த்து மனசு கேட்காமல் செய்திருப்பாள். சொல்லாமல் செய்தது தப்புதான், கோபித்துக்கொள்ளலாம், ஆனால் புருஷன் செய்ததுபோல அடிமடியில் கை வைக்கிற வேலை இல்லை. வீட்டுக்குப் போனதும் அக்கா தோளில் சாய்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட வேண்டும் என்றுதான் அவள் படியேறினாள்.

அக்கா கூடத்தில் குண்டனைத் தூங்கவைத்துவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பவுடர் டின் எங்க அக்கா?"

"என்ன டின்?"

"பட்டாணிக்குக் கரைச்சுக் கொடுக்குறியே, அது. நான் திட்ட மாட்டேன். எவ்வளவு கொடுக்குறேன்னு சிஸ்டர் கேட்டாங்க."

அக்கா துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். "நான் எதையும் கரைச்சுக் கொடுக்கல."

மாஸ்டர் சமையலறைக்குப் போனாள். மேல் தட்டு, கீழ் தட்டு, அடுப்புக்கு அடியில், அக்காவின் பைக்குள் எல்லாம் துழாவினாள். டின் இல்லை, பாட்டில் இல்லை, கழுவிக் கவிழ்த்த ஒரு ரப்பர் காம்புகூட இல்லை. அக்கா சொன்னது உண்மை. அந்த வீட்டில் பவுடர் பால் என்கிற சமாச்சாரமே கிடையாது.

அப்போது கூடத்தில் பட்டாணி அழ ஆரம்பித்தாள். ஆறு கிராம் எந்த மூலைக்கு? பசி பொறுக்காத, கீச்சென்ற அழுகை. மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அக்கா தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். குழந்தையைத் தொடவில்லை. இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்படியும் அவளுடைய சட்டையின் முன்புறத்தில் இரண்டு பக்கமும் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. பட்டாணி அழ அழ அது பெரிதாகியது.

குண்டன் தூங்கிக்கொண்டிருந்தான். அக்காவுக்குப் பால் சுரந்தது அவனுக்காக இல்லை.

"எப்பலேர்ந்து?" என்றாள் மாஸ்டர். ஒரே நாளில் ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் கேட்டாள்.

"மூணாவது நாள்லேர்ந்து." அக்கா தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஏப்பம் வாங்கத் தூக்கிட்டுப் போனேன். என் தோளைச் சப்புச்சு. பசியில விரலைச் சப்புச்சு. மாப்பிள்ளை முப்பத்தி ரெண்டுன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. முப்பத்தி ரெண்டு குடிச்ச பிள்ளை இப்படித் தேடுமாடி? எனக்குத் தெரியாதா? அப்பவே புரிஞ்சு போச்சு."

"புரிஞ்சப்ப எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொன்னா நீ உடைஞ்சு போயிடுவே."

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"ஐயோ, இல்லக்கா," என்றான் வாத்தியார் வாசலிலிருந்து. பதட்டத்தில் பெண்டாட்டியையே அக்கா என்றுவிட்டான். யாரும் சிரிக்கவில்லை.

"நான் அவர்கிட்டயும் சொல்லல," என்றாள் அக்கா. "குண்டன் இப்ப எப்பவாவதுதான் குடிக்கிறான். இருக்கிற பால் வீணாத்தானே போகுதுன்னு நினைச்சேன். நம்ம பிள்ளைதானேன்னு நினைச்சேன்."

"நம்ம பிள்ளை." மாஸ்டர் அதைத் திருப்பிச் சொன்னாள். பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தும், நாக்கில் வந்து நின்ற கேள்வியைக் கேட்டுவிட்டாள். "உங்கிட்ட அவ நல்லாப் பிடிக்கிறாளா? வாயை அகலமாத் திறக்கிறாளா?"

அக்கா மார்புக்குக் குறுக்கே கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அதுவே பதில்.

மாஸ்டருக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. எண்ணைப் பொய்யாகச் சொன்னவனையாவது உலுக்கிக் கேட்க முடிந்தது. இதை யாரைக் கேட்பது? அவள் கண்மூடிப் படுத்திருந்த நேரமெல்லாம், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், அவள் மகள் வேறொரு அம்மாவிடம் பால் குடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். எடை ஏறியிருக்கிறது என்று சிஸ்டர் பாராட்டியபோது கண் கலங்கினாளே, அந்தப் பாராட்டுகூட அக்காவுக்குச் சேர வேண்டியது. திருடு போனது தெரியாமல் திருடனுக்கே உட்கார வைத்துச் சாப்பாடு போட்ட மாதிரி அவமானமாக இருந்தது.

"நீங்க போய்ப் பவுடர் வாங்கிட்டு வாங்க," என்றாள் புருஷனிடம். அவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினான்.

பட்டாணியைத் தூக்கி மார்பில் போட்டாள். குழந்தை பிடித்தது, இழுத்தது, வேகமாக வரவில்லை என்றதும் தலையை ஆட்டி உதறிவிட்டு அலறியது. மறுபடி வைத்தாள். மறுபடி உதறல். வயிறு நிறைகிற இடம் எதுவென்று அதற்குத் தெரியும். அது குழந்தை. பொய் சொல்லத் தெரியாது.

அக்கா அந்தப் பக்கம் திரும்பிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

மாஸ்டர் எவ்வளவு நேரம்தான் தாங்குவாள்? எழுந்தாள். குழந்தையை அக்காவின் கையில் வைத்தாள்.

"கொடு."

"வேண்டாம்டி. மாப்பிள்ளை வந்துடுவாரு."

"கொடுன்னு சொல்றேன்ல. ஒளிஞ்சு ஒளிஞ்சு கொடுத்தியே, இப்ப என் கண்ணு முன்னால கொடு. நான் பார்க்கணும்."

அக்கா உட்கார்ந்தாள். ஜன்னலோர நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தாள். பட்டாணி ஒரு கணம் முகர்ந்தது. வாயை அகலமாகத் திறந்து, தாடை மார்பில் பதிய, கச்சிதமாகக் கவ்விக்கொண்டது. அடுத்த நொடி அந்தச் சத்தம் கேட்டது. சிஸ்டர் காதைக் கொடுத்துக் கேட்டும் கேட்காத சத்தம். மடக், மடக் என்று முழுங்குகிற சத்தம்.

மாஸ்டர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தாள். பொறாமை ஒரு பக்கம் அரித்தது. இன்னொரு பக்கம், என்ன சொல்வது, அந்தச் சத்தம் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. என் பிள்ளைக்குக் குடிக்கத் தெரிகிறது. அக்காவின் பாலைக் குழாயில் ஊற்றி என் மார்பில் ஒட்டிக்கொண்டால்? என்னிடமே இப்படிக் கவ்விக்கொள்வாள் அல்லவா? வெட்டுவதற்கு முன் துணியை எட்டு விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்க்கிற புத்தி அவளுடையது. அழுதுகொண்டே கணக்குப் போட்டாள்.

சிஸ்டருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். சிஸ்டர் திட்டவில்லை.

"சரி, இப்பவாவது தெரிஞ்சுதே. ஆனா வேற ஒருத்தர் பாலை அப்படியே கொடுக்கிறது சரியில்லம்மா. அதுலயும் நாள் ஆகாம பிறந்த குழந்தைக்கு. அவங்களுக்கு முதல்ல ரத்தப் பரிசோதனை செய்யணும். அவங்க பக்கத்துல இருக்காங்களா? அம்மா, உடம்புக்கு ஏதாவது இருக்கா உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்," என்றாள் அக்கா.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்ல."

அந்த 'இல்ல' கொஞ்சம் அவசரமாக வந்தது. காலையில் ஒரு புருஷனின் முழியைப் பார்த்துத் தேர்ந்திருந்தாள் மாஸ்டர். அக்காவின் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"அக்கா. என்னைப் பார்த்துச் சொல்லு."

அக்காவின் உதடு கோணியது.

"தூக்கத்துக்கு ஒண்ணு சாப்பிடறேன்," என்றாள், போனுக்குக் கேட்டுவிடுமோ என்று குரலை இறக்கி. "உங்க அத்தான் பேசுறதை நிறுத்தினதுலேர்ந்து தூக்கமே இல்லடி. அவரு கப்பல்ல இல்ல. எங்க இருக்காருன்னே தெரியல. உங்கிட்ட எப்படிச் சொல்றது? உனக்கே ஆயிரம் கஷ்டம். முதல்ல ராத்திரிக்கு மட்டும் சாப்பிட்டேன். இப்ப பகல்லயும் ஒண்ணு."

போனில் சிஸ்டரின் குரல் மாறியது. "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"இவங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினதும்."

"குழந்தை இப்ப எங்க இருக்கு?"

மடக், மடக் சத்தம் நின்றிருந்தது. மாஸ்டர் தன் சுண்டுவிரலைப் பட்டாணியின் வாயோரத்தில் நுழைத்து, பிடியை விடுவித்து, குழந்தையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பட்டாணி அழவில்லை. கை தளர்ந்து தொங்கியது.

"சிஸ்டர், தூங்கிட்டா."

"மூச்சைப் பாரு. சீரா இருக்கா? உதட்டு நிறம் எப்படி இருக்கு?"

"இருக்கு சிஸ்டர். உதடு சிவப்பாத்தான் இருக்கு."

"பயப்படாதே. ஆனா ஒரு நிமிஷம்கூட அங்க நிக்காதே. அந்த மாத்திரை பாலுக்குள்ள போகும். இவ குட்டி உடம்புக்கு அது தாங்காது. அட்டையோட அவங்களையும் கூட்டிட்டு நேரா அவசரப் பிரிவுக்கு வா. வழியில அவளைத் தூங்க விடாதே. மூச்சுல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா வண்டியிலேர்ந்தே எனக்குச் சொல்லு. நான் கீழ வந்து நிக்கிறேன்."

வாத்தியார் டின்னைக் கையில் பிடித்தபடி மூச்சிரைக்க உள்ளே வந்தான். "கிடைச்சிருச்சு. ரெண்டு கடை ஏறி இறங்கினேன்."

"வண்டியை எடுங்க," என்றாள் மாஸ்டர்.

"எங்க?"

"எங்கேர்ந்து இவளைத் தூக்கிட்டு வந்தோமோ அங்க."

குண்டனைத் தோளில் போட்டுக்கொண்டு, மாத்திரை அட்டையைக் கையில் இறுக்கியபடி அக்கா வாசலில் நின்றாள். வரலாமா என்று கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

"நீயும் ஏறு," என்றாள் மாஸ்டர். "அவங்க கேக்கிற எல்லாத்துக்கும் பதில் சொல்லு. ஆனா என் பிள்ளையைத் தொடாதே."

வண்டி கிளம்பியது. மாஸ்டர் பின்சீட்டில், குழந்தையின் சின்ன இருக்கை மேலே கவிழ்ந்தபடி, ஒரு கையை அதன் நெஞ்சில் வைத்து ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கையால் காலுறையைக் கழற்றினாள். பாதத்தைச் சுண்டினாள். காதுமடலைத் தேய்த்தாள். உச்சந்தலையில் ஊதினாள்.

"எழுந்திருடி," என்றாள். "அழு. நல்லாக் கத்தி அழு."

இந்தக் குழந்தை அழக் கூடாது, இவளைப் பெற்றவள் அழக் கூடாது என்று இத்தனை நாளும் அந்த வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஒளித்தார்கள். இப்போது முன்சீட்டில் அவர்கள் இரண்டு பேரும் ஓர் அழுகைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தார்கள்.

பட்டாணி முகத்தைச் சுளித்தாள். வாயைத் திறந்தாள்.

மாஸ்டர் குனிந்தாள்.

பட்டாணி ஒரு கொட்டாவி விட்டு, மறுபடி தூங்கிப்போனாள்.